நாரை பிடித்த கல்

பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கழுத்துவலி ஒன்றைத் தவிர எனக்குக் குறையில்லை. நாள் முழுக்க உருப்பெருக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தால் கழுத்து வேறென்ன செய்யும்? உன் உடம்பு எப்படி? உன் மனைவிக்கு மசக்கை வாந்தி நின்றதா? அணைக்கட்டுக் காற்று இரண்டு பேருக்கும் ஒத்துக்கொள்கிறதா?

உன் புது வேலைக்கும் என் பழைய வேலைக்கும் முடிச்சு விழுந்துவிட்டது. உங்கள் அணைக் காவல் முகமைக்கு முத்திரை செய்யும் பொறுப்பு அரசு அச்சுக்கூடத்துக்கு வந்தது. எங்கள் பிரிவுத் தலைவர் கோப்பை என் மேசையில் வைத்துவிட்டு நழுவிவிட்டார். வரைவதும் நான், எஃகில் வெட்டுவதும் நான்.

உங்கள் இயக்குநர் முதல் கூட்டத்திலேயே சிங்கம் கேட்டார். அது ஏற்கெனவே இரண்டு துறைகளிடம் இருக்கிறது என்றேன். புலி? சுங்கத்தார் எடுத்துக்கொண்டார்கள். கழுகு? தபால்காரர்களிடம். "அப்ப எங்களுக்கு மிச்சம் எலிதானா?" என்றார். மனிதருக்கு நகைச்சுவை உண்டு.

நான் நாரையை வரைந்து காட்டினேன். பழைய முத்திரைக் கலையில் காவலுக்கு அடையாளம் அதுதான். கூட்டம் உறங்கும்போது ஒரு நாரை மட்டும் ஒற்றைக் காலில் நிற்குமாம், தூக்கிய காலில் ஒரு கல்லைப் பிடித்தபடி. கண் அசந்தால் பிடி தளரும், கல் விழும், விழுந்த சத்தத்தில் விழித்துக்கொள்ளும். உண்மையில் எந்த நாரையும் இந்த வேலை செய்வதில்லை. முத்திரைக்குள் போனால் பறவைக்குக்கூட அரசாங்க உத்தியோகம் வந்துவிடுகிறது.

நாரைக்குக் கீழே கேடயம். அதன் மேல் பாதியில் மதகு, கீழ்ப் பாதியில் மூன்று அலைக்கோடுகள். அடியில் ஓடும் நாடாவில் "விழித்திரு." மதகின் கதவைப் பாதி தூக்கியிருப்பதுபோல் வரைந்திருந்தேன். காப்பதும் கொடுப்பதும் ஒரே கை என்று அர்த்தம். இயக்குநர் கதவை முழுக்க மூடச் சொன்னார், கல்லையும் எடுக்கச் சொன்னார். நான் கதவை விட்டுக்கொடுத்துக் கல்லைக் காப்பாற்றிக்கொண்டேன். பேரம் சரிதானே?

நீ என் தம்பி என்பது அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டாம். நீ நன்றாக வேலை செய்தால் சிபாரிசு என்பார்கள், செய்யாவிட்டாலும் சிபாரிசு என்பார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அவளும் சுகம். வாந்தி நின்று இப்போது பசி பிடித்துக்கொண்டது; என் பங்கையும் சேர்த்துச் சாப்பிடுகிறாள். உன் கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை வழக்கம்போல் வாயால்தான் வைத்தியமா?

இங்கே நான் மதகுக் காவலின் பொறுப்பாளர். என் கீழே பதினாறு பேர். மதகின் மேலேயே சக்கர அறை. ஒரு பெரிய இரும்புச் சக்கரம், ஒரு தொலைபேசி, ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். சக்கரத்தைச் சுற்றினால் கதவு ஏறும். வாய்க்காலில் தண்ணீர் கீழ்க் குடியிருப்புக்குப் போகும். ஆனால் போன வருடத்திலிருந்து மழை இல்லை, கதவு மூடியே கிடக்கிறது. இருக்கும் தண்ணீர் குழாய் வழியாக உன் நகரத்துக்குத்தான் வருகிறது. நீ குளிக்கும்போது என்னை நினைத்துக்கொள்.

சட்டையில் தைக்கும் முத்திரைகள் வந்தன. ஆட்கள் அதைக் கொக்கு என்கிறார்கள். நீ சொன்ன அர்த்தத்தை எடுத்துச் சொன்னேன். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பதால் வவ்வால் என்று நாங்கள் கூப்பிடும் ஒருவன் உண்டு, என் வலது கை மாதிரி. "அதெல்லாம் இல்லைங்க. கல்லு எதுக்கு? எறியறதுக்குத்தான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

போன வாரம் ஒருவன் கடப்பாரையோடு வந்து கதவின் அடித்தகட்டைப் பெயர்க்கப் பார்த்தான். ஆட்கள் பிடித்தார்கள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். தோள்பட்டை எலும்பு சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதன் பிறகு இந்தப் பக்கம் ஒரு குருவியும் இல்லை.

நீ வெட்டிய நாரையைப் பெருமையாகத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

தம்பி


மார்ச் 15

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டேன். இருவரும் நலம் என்பதில் மகிழ்ச்சி. கழுத்து அப்படியேதான் இருக்கிறது. ஒத்தடத்துக்கு ஆள் வைக்க எனக்கு வசதியில்லை.

பெரிய அச்சு முடிந்தது. எஃகில் எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றி வெட்ட வேண்டும், அப்போதுதான் மெழுகில் பதியும்போது நேராக வரும். ஒரு மாதமாக நாரையை வலப்பக்கம் பார்க்க வெட்டிக்கொண்டிருந்தேன், அது இடப்பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்காக. முதல் அச்சைப் பதித்துப் பார்த்தபோது பிரிவுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

அந்தக் கடப்பாரைக்காரன் என்ன ஆனான்? நீ எழுதவில்லை. மருத்துவமனைக்குப் போனானா, வீட்டுக்குப் போனானா? "வாங்கிக் கட்டிக்கொண்டான்" என்றால் கொடுத்தது யார்? நீயும் கொடுத்தாயா? சின்ன வயதில் எதிர்வீட்டு நாய்க்கு அடிபட்டால் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தவன் நீ. அதனால் கேட்கிறேன்.

எழுது.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அவள் நலம். எனக்கு நலமில்லை. காய்ச்சல் எதுவும் இல்லை.

வவ்வால் செத்துவிட்டான். கீழ்க் குடியிருப்பு ஆட்கள் கும்பலாக வந்து மதகுக்கு முன்னால் கத்தினார்கள். குடிக்கவாவது கதவை ஒரு சாண் தூக்கு என்றார்கள். மேலிடத்து உத்தரவு இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கற்கள் வந்தன. தலைக்கவசத்தை மாட்டக் குனிந்தான் அவன். கல் காதுக்கு மேலே பட்டது. என் மடியில்தான் கிடந்தான். வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தான், பல்லோடு ரத்தம்தான் வந்தது. என் சட்டையை மூன்று தண்ணீரில் அலசியும் முத்திரையில் படிந்தது போகவில்லை.

மறுநாள் காலை நாங்கள் குடியிருப்புக்குள் போனோம். நீ கேட்டாய் அல்லவா, நீயும் கொடுத்தாயா என்று. கொடுத்தேன். வீடு வீடாகக் கதவை உடைத்தோம். தண்ணீர்க் குடங்களை முதலில் உடைத்தோம், அதுதான் அவர்களுக்கு அதிகம் வலிக்கும் என்று ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருவன் தலையை மறைத்துக் கையைத் தூக்கினான். அவன் முழங்கையில் என் தடி இறங்கியது. காய்ந்த சுள்ளி மாதிரி ஒடிந்தது. அவன் கல் எறிந்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது அக்கா. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும், உன்னிடம் சொல்கிறேன்.

இயக்குநர் தொலைபேசியில் பாராட்டினார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மே 2

தம்பிக்கு,

வவ்வாலுக்காக அழுதேன். முகம்கூடத் தெரியாதவன், உன் கடிதத்தில் ஒரே ஒரு முறை சிரிக்கவைத்தவன். அவன் வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஏதாவது செய்ய முடியுமென்றால் எழுது.

அந்த முழங்கைக்காரனுக்காகவும் அழுதேன். உனக்கு அது பிடிக்காமல் போகலாம். பிடிக்காமல் போகட்டும். நீ மாற்றல் கேள். உடம்பு சரியில்லை என்று எழுது, பிள்ளைத்தாய்ச்சி மனைவி என்று எழுது, எதையாவது எழுதி அங்கிருந்து கிளம்பு. உனக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்த பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை.

இங்கே உங்கள் இயக்குநர் மறுபடி வந்தார். முத்திரையைத் திருத்த வேண்டுமாம். கல் இனி எதிரியின் ஆயுதம், அதை நம் நாரை பிடித்திருக்கக் கூடாது என்றார். கல்லுக்குப் பதில் ஈட்டி. ஒற்றைக்காலில் நிற்கும் பறவை ஈட்டி பிடித்தால் கவிழ்ந்துவிடும் என்றேன். "அப்ப ரெண்டு கால்ல நிக்க வைங்க" என்றார். இந்த முறை சிரிக்கவில்லை. அவருக்கு முத்திரை ஒரு சட்டைப் பொத்தான் மாதிரி, வேண்டும்போது மாற்றித் தைக்கலாம். எனக்கோ நாரை தனக்குத்தானே வைத்துக்கொண்ட காவல்தான் அந்தக் கல். அது போனால் மிச்சம் ஒரு பறவையும் ஒரு ஆயுதமும்தான்.

வரைகிறேன் என்று சொல்லி நாளைக் கடத்திக்கொண்டிருக்கிறேன்.

பதில் போடு. அவளைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

பத்திரிகையில் பார்த்திருப்பாய். கீழ்க் குடியிருப்பு மக்கள் பத்து நாளாக வாய்க்காலுக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தார்கள். வறண்ட வாய்க்கால், இருபுறமும் கல் சுவர். தண்ணீர் விடும்வரை எழுந்திருக்க மாட்டோம் என்றார்கள். கடந்த செவ்வாய் மதியம் மதகு திறக்கப்பட்டது. உயிரிழப்பு ஏற்பட்டது. முப்பத்தொரு பேர் என்கிறார்கள். விசாரணைக் குழு அமைக்கப்படுகிறது.

மாற்றல் கேட்கவில்லை. இப்போது கேட்டால் தப்பாகப் போகும்.

அவளுக்கு ஆகஸ்டில் நாள் குறித்திருக்கிறார்கள்.

தம்பி


ஜூன் 30

தம்பிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நலம் விசாரிக்கும் நிலையில் இல்லை.

உன் கடிதம் வந்த மறுவாரம் உங்கள் இயக்குநர் என்னையும் பிரிவுத் தலைவரையும் கூப்பிட்டார். முகமையின் வீரர்களுக்கு ஒரு பதக்கம் வேண்டுமாம். ஒரு பக்கம் முத்திரை, மறுபக்கம் எழும்பும் அலை. அலையை எப்படி வரைவது என்று பேசும்போது, எதற்கு இந்தப் பதக்கம் என்று பிரிவுத் தலைவர் கேட்டார். மனிதர் வெள்ளந்தி, தெரியாமல்தான் கேட்டார்.

இயக்குநர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். அவர் குரலில் எந்த அழுத்தமும் இல்லை.

"ஒரே ஒரு போன். அவங்க தண்ணிதானே கேக்கறாங்க, குடுத்துடுங்கன்னு சொன்னேன். சைரன் போடணுமான்னு கேட்டாரு அங்க இருந்தவரு. அதெல்லாம் வேண்டாம், கதவை முழுசாத் தூக்குங்கன்னேன். அரை மணி நேரத்துல பத்து நாள் தலைவலி போச்சு."

பிறகு அலைக்கு எத்தனை வளைவு நன்றாக இருக்கும் என்று என்னிடம் கேட்டார். மூன்று என்று என் வாய் சொன்னது.

தம்பி, "மதகு திறக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறாய். உனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். கண்ணாடியை உடைத்துவிட்டு "உடைஞ்சிடுச்சு" என்று நீ சொல்லும்போதெல்லாம் யார் உடைத்தது என்று கேட்டதும் நான்தான். இப்போதும் கேட்கிறேன். தொலைபேசியை எடுத்தது யார்? சக்கரத்தைச் சுற்றியது யார்?

அக்கா


செப்டம்பர் 3

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. நானும் குழந்தையும் நலம். பெண் குழந்தை, மூன்று வாரம் ஆகிறது. உங்களுக்கு முன்பே தெரிவித்திருக்க வேண்டும், மன்னியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அவர் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். பதில் எழுதவில்லையா என்று கேட்டால் எழுதுகிறேன் என்பார். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவார். நான் பாத்திரம் கழுவத் தண்ணீரைத் திறந்தால் வெளியே போய்விடுவார். குழந்தை பிறந்தபோது கையில் வாங்கவே மாட்டேன் என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை சீருடையைப் போடாமல் பழைய சட்டையோடு கிளம்பினார். கடைக்குப் போகிறார் என்று நினைத்தேன். கீழ்க் குடியிருப்புக்குப் போயிருக்கிறார். நடுத்தெருவில் நின்று, சக்கரத்தைச் சுத்தினது நான்தான் என்று சொல்லியிருக்கிறார். முதலில் யாரும் நம்பவில்லையாம், பைத்தியம் என்று நினைத்தார்களாம். திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

மண்வெட்டிக் காம்பால் அடித்திருக்கிறார்கள். கையில் கிடைத்ததால் எல்லாம் அடித்திருக்கிறார்கள். தாடை இரண்டாகப் போய்விட்டது. இடது கண்ணை எடுத்துவிட்டார்கள் அண்ணி, மருத்துவர்தான் எடுத்தார், அதில் மிச்சம் ஒன்றுமில்லை. அடித்தவர்களே ஒரு வண்டியில் போட்டு மருத்துவமனை வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். வண்டி ஓட்டி வந்த பெரியவரிடம் ஏன் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "கொல்லணும்னுதான் அடிச்சோம். திருப்பி ஒரு கைகூடத் தூக்கலை. எங்களால அதுக்கு மேல முடியல" என்றார்.

இன்று சைகையிலேயே காகிதம் கேட்டு வாங்கி உங்களுக்கு எழுதச் சொன்னார். வாய் கட்டியிருப்பதால் பேச முடியாது.

குழந்தையைப் பக்கத்தில் படுக்கவைத்திருக்கிறேன். இப்போது வேண்டாம் என்று சொல்லவில்லை.

உங்கள் அன்பு மறவாத,
தம்பி மனைவி


செப்டம்பர் 11

தம்பிக்கு,

உன் பதில் உன் மனைவியின் கையெழுத்தில் கிடைத்தது.

இயக்குநர் என்னிடம் சொன்னதை விசாரணைக் குழுவின் முன் சொல்லப்போகிறேன். வேறு யாரும் சொல்லமாட்டார்கள். பிரிவுத் தலைவருக்கு ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம், காது கேட்கவில்லை என்கிறார். நான் சொன்னால் உத்தரவு கொடுத்தவர் மாட்டுவார். நிறைவேற்றியது என் தம்பி என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. தெரிவிக்கிறேன்.

கஞ்சி மட்டுமே குடிக்க முடியும் என்று கேள்விப்பட்டேன். அதையாவது மிச்சம் வைக்காமல் குடி. அடுத்த வாரம் வருகிறேன், குழந்தையைப் பார்க்க. உன்னையும்.

அக்கா


அக்டோபர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வந்து போனதிலிருந்து கொஞ்சம் தேறியிருக்கிறேன். தாடைக் கட்டைப் பிரித்துவிட்டார்கள். நீ வந்தபோது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டோம். எழுத்தில்தான் எனக்குச் சொல்ல வரும்.

போனை எடுத்தது நான். சைரன் போடட்டுமா என்று கேட்டது நான். வேண்டாம் என்று அவர் சொன்னபோது சரிங்க என்றவனும் நான்தான். சக்கர அறையில் என்னோடு எங்கள் ஜீப் ஓட்டுநர் இருந்தார். அது இரண்டு பேர் பிடித்துச் சுற்ற வேண்டிய சக்கரம். பொத்தானாக இருந்திருந்தால் ஒரு நொடியில் நடந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். இது சுற்றச் சுற்றத்தான் கதவு ஏறும். கொஞ்சம் ஏறியதும் ஓட்டுநர் கையை எடுத்துவிட்டார். "எனக்கு வேண்டாங்க" என்றார். அவ்வளவுதான். சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டார். நான் தனியாகச் சுற்றினேன். தோள் இற்றுவிடும்போல இருந்தது, ஆனாலும் சுற்றினேன். வவ்வாலின் பல் என் கண் முன்னால் இருந்தது என்று சொன்னால் நியாயம் கேட்பதுபோல் ஆகும். இருந்தது, அவ்வளவுதான்.

சத்தம் கேட்டதும் ஓடிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஜன்னல் எனக்குப் பின்னால் இருந்தது. நான் பார்க்கவில்லை.

குழுவின் முன் நீ சொல். நானும் சொல்கிறேன். இயக்குநர் தன் வாக்குமூலத்தில், மதகுப் பொறுப்பாளர் பதற்றத்தில் தானாகவே திறந்துவிட்டார் என்று கொடுத்திருக்கிறார். போனில் அவர் பேசியது ஓட்டுநருக்குக் கேட்கவில்லை; நீ பேசாவிட்டால் என் சொல்லுக்கு எதிரே அவர் சொல். ஆனால் உனக்கு ஏதாவது செய்வார்கள். தனியாக இருக்காதே. கதவைத் தாழ் போட்டுக்கொள்.

தம்பி


பிப்ரவரி 18

அன்புத் தம்பிக்கு,

சிறையில் குளிர் அதிகமா? கம்பளி அனுப்பியிருக்கிறேன், கொடுத்தார்களா? குழந்தை என் மடியில் இருந்தபடி இந்தக் காகிதத்தைக் கசக்கிக்கொண்டிருக்கிறாள். அவளும் அவள் அம்மாவும் என்னோடுதான் இருக்கிறார்கள். இரண்டு அறை வீடு இப்போதுதான் வீடு மாதிரி இருக்கிறது.

என் கையெழுத்து ஏன் இப்படி இருக்கிறது என்று நீ கேட்பாய். இடது கையால் எழுதுகிறேன். குழுவின் முன் நான் போக வேண்டிய நாளுக்கு முதல்நாள், வேலை முடிந்து வரும்போது மாடிப்படியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் வாயைப் பொத்தினான். மற்றவன் என் வலது கையை என் வீட்டுக் கதவு இடுக்கில் வைத்துக் கதவை அறைந்தான், மூன்று முறை. "அக்கா, நாளைக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னான். மூன்று விரல்கள் போயின. ஒட்டவைத்திருக்கிறார்கள், மடங்காது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று உன் மனைவியிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். இப்போது நானே சொல்லிவிட்டேன்.

மறுநாள் கட்டோடு போனேன். சொன்னேன். தேநீர்க் கோப்பையிலிருந்து மூன்று வளைவு வரை ஒன்று விடாமல். இயக்குநரின் வழக்கறிஞர், நீங்கள் குற்றவாளியின் அக்காதானே, தம்பியைக் காப்பாற்றச் சொல்கிறீர்கள் என்றார். "தம்பியைக் காப்பாத்தணும்னா அவன்தான் சக்கரத்தைச் சுத்தினான்னு நான் ஏங்க சொல்றேன்?" என்றேன். பின்வரிசையில் இருந்து பிரிவுத் தலைவர் எழுந்தார். தனக்கும் காது கேட்கும் என்றார்.

உனக்குப் பத்து வருடம் என்ற தீர்ப்பைக் கேட்டபோது நான் அழவில்லை. இயக்குநர் மேல் வழக்கு நடக்கிறது. அவர் இருதயக் கோளாறு என்று மருத்துவமனையில் படுத்திருக்கிறார். ஆனாலும் கைதானவர் கைதானவர்தான்.

முகமையைக் கலைத்துவிட்டார்கள். நேற்று முத்திரை அச்சை ரத்து செய்யும் வேலை. அதற்கு ஒரு வழிமுறை உண்டு: இரண்டு அதிகாரிகள் முன்னிலையில், முகப்பின் குறுக்கே உளியால் பிளக்க வேண்டும். நான் விடுப்பில் இருக்கிறேன், ஆனாலும் பிரிவுத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். உளியை இடது கையால் நான் பிடித்தேன், சுத்தியலை அவர் ஓங்கினார். எஃகு அவ்வளவு சுலபமாகப் பிளக்கவில்லை. முதல் அடி நாரையின் கழுத்தில். பிறகு கேடயம். பிறகு நாடா. கண்ணெதிரே பொறி பறந்தது. என் வாழ்க்கையில் நான் வெட்டியதிலேயே நல்ல அச்சு அது, தம்பி. பிளந்துகொண்டிருக்கும்போதும் அதன் இறகுகள் எவ்வளவு சுத்தமாக வந்திருக்கின்றன என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். மனது இப்படியும் இருக்கிறது.

கம்பளி வந்ததா என்று எழுது.

அக்கா


மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

கம்பளி வந்தது. உடம்பு சுமார். பார்வை ஒரு பக்கமாகவே பழகிவிட்டது. சுவரில் மோதுவது குறைந்திருக்கிறது. உன் விரல்களைப் பற்றிப் படித்த பிறகு பல நாள் எழுத முடியவில்லை. மன்னிப்புக் கேட்டு என்ன ஆகப்போகிறது, ஆனாலும் கேட்கிறேன்.

போன வியாழக்கிழமை என்னைப் பார்க்க ஒரு பெண் வந்தார். உன் வயது இருக்கும். கீழ்க் குடியிருப்பு. கணவரை வாய்க்காலில் பறிகொடுத்தவர். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் வந்தேன்" என்றார். "என் வீட்டுக்காரர் நெட்டையா இருப்பாரு. அன்னிக்குச் சிவப்புச் சட்டை. தண்ணி வந்தப்போ ஓடினாரா? ஓடி, முடியாம விழுந்தாரா? கண்ணை மூடினா அவர் ஓடிட்டே இருக்காரு."

ஜன்னல் எனக்குப் பின்னால் இருந்தது என்று நீதிமன்றத்தில் சொன்னேன். உனக்கும் அப்படித்தான் எழுதினேன். அவரிடமும் அதையே சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. ஜன்னல் என் எதிரே இருந்தது அக்கா. நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேதான் சுற்றினேன்.

"ஓடலைங்க" என்றேன். "யாருமே ஓடலை. முதல்ல கணுக்கால் அளவுதான் தண்ணி வந்துச்சு. கதவைத் திறந்துட்டாங்க, ஜெயிச்சுட்டோம்னு நினைச்சுட்டாங்க. எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. சிவப்புச் சட்டைக்காரர் முன்னாடி வந்தாரு. ரெண்டு கையாலயும் அள்ளி முகத்துல அடிச்சுக்கிட்டாரு. சிரிச்சாரு. மேல ஜன்னல்ல என்னைப் பார்த்துட்டு, நன்றி சொல்ற மாதிரி கையைத் தூக்கினாரு."

அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறமும் நான் சுத்தினேன்."

காவலர் நேரம் முடிந்தது என்றார். அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. பிறகு முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

"பயப்படலைல்ல?" என்றார்.

"பயப்படலைங்க."

தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து போனார்.

இதையும் நீ போய்ச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல். நானும் எழுதிக் கேட்டிருக்கிறேன், வாக்குமூலத்தைத் திருத்த வேண்டும் என்று. வருடம் கூடினால் கூடட்டும்.

குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா? உன் விரல்களைத் தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து எடு. சோம்பல்படாதே.

தம்பி